வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது

பேச்சு வராத குழந்தை ஒன்று கை நீட்டி அழுகிறது. அது என்ன கேட்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறாள். உடனே எடுத்துக் கொடுத்துவிட வேண்டுமா, அல்லது குழந்தை தானாக ஏதாவது ஒரு விதத்தில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? இதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத வருவதெல்லாம் கணினிக்கு நிரல் எழுதும் முன்னால் நாங்கள் படம் வரைந்த கதையாக இருக்கிறது. சிரிக்காதீர்கள். இரண்டும் எனக்குள் பின்னிக் கிடக்கின்றன, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

என் மகள் சௌமியாவுக்கு மூன்றரை வயது. காது நன்றாகக் கேட்கிறது, பரிசோதித்தாகிவிட்டது. அடுத்த தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தால் எனக்கு முன்னால் அவள் திரும்புவாள். ஆனால் ஒரு சொல் வரவில்லை. “அம்மா” கூட வரவில்லை. வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் நர்சரிப் பள்ளியின் தலைமை ஆசிரியை, “பாத்ரூம் வருதுன்னாவது எப்படியாச்சும் சொல்லத் தெரியணும்மா. இல்லன்னா நாங்க எப்படிப் பாத்துக்கறது?” என்று கேட்டார். தப்பாகக் கேட்டுவிடவில்லை. அதனால்தான் வாரம் இரண்டு நாள் அவளைப் பாடியில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

போன வாரம் அங்கே கோமதி மிஸ் என்னைத் தனியாக அழைத்து உட்கார வைத்தார். “கோச்சுக்காதீங்கம்மா. பாப்பா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே தண்ணி வந்துடுது, பிஸ்கட் வந்துடுது. அவளுக்குப் பதிலா நீங்க பேசிடறீங்க. ஒண்ணு செய்யுங்க. அக்கம்பக்கத்துல யார் வீட்லயாவது அவளக் கொஞ்ச நேரம் விடுங்க. நீங்களும் கூட இருக்கலாம். ஆனா ஒரு வார்த்தை பேசக் கூடாது, கண்ணாலகூடச் சொல்லக் கூடாது. அவங்களே பாத்துப் புரிஞ்சிக்கட்டும்.”

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, திகைப்பு. இதே வார்த்தைகளை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கே என்றுதான் உடனே நினைவுக்கு வரவில்லை.

திரும்பி வரும்போது பேருந்து மண்ணூர்பேட்டையில் பழுதாகி நின்றது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். சௌமியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றபோது மூக்கைக் குத்தும் ஒரு நெடி வந்தது. அமோனியா. பட்டறைகளுக்கு அமோனியாவில் வரைபடம் நகலெடுத்துக் கொடுக்கும் கடை, அதே இடத்தில், அதே தகரப் பலகையுடன். சௌமியா முகத்தைச் சுளித்து என் தோளில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள். நான் மட்டும் மறுபடி மறுபடி இழுத்து மூச்சு விட்டேன். என்னைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அந்தக் கடைக்கு நாலு கட்டடம் தள்ளி ஒரு லேத் பட்டறை இருந்தது. அதன் மாடியில்தான் என் அலுவலகம். எண்பதுகளின் கடைசி. தொழிற்பேட்டையில் இருந்த சின்னச் சின்னத் தொழிற்சாலைகளுக்கு நிரல் எழுதிக் கொடுக்கும் சிறிய நிறுவனம். கீழே லேத் ஓடினால் மேலே எங்கள் மேஜை நடுங்கும், கோடு கோணலாகப் போகும். COBOL என்ற கணினி மொழியில் எழுதினோம், எங்கள் வாயில் அது கோபால். நான் வீட்டில் போய் “இன்னிக்கு முழுக்க கோபாலோடதான்” என்று சொல்லப்போய், என் அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கணினி ஒன்றே ஒன்று. மின்சாரம் இருந்தால் அது, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. எனவே எல்லாம் முதலில் காகிதத்தில்தான். ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, எந்தத் தகவல் எந்த வழியாக உள்ளே போகிறது, உள்ளே என்ன ஆகிறது, எதுவாக வெளியே வருகிறது என்று வட்டமும் அம்புக்குறியுமாக வரைய வேண்டும். ஒரு வட்டம் பெரிய வேலையாக இருந்தால் அதை இன்னொரு தாளில் சின்ன வட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் பெயர் வைக்க வேண்டும், பெயரில் ஒரு செயல் இருக்க வேண்டும். ‘கவனி’, ‘பார்த்துக்கொள்’ மாதிரிப் பெயர்களுக்கு அனுமதி இல்லை. “பாத்துக்கோன்னா என்ன பாக்கறது? பேர் வைக்க முடியலன்னா அது என்னன்னு உனக்கே தெரியலன்னு அர்த்தம்” என்பார் எங்கள் மேலாளர் ராகவன் சார். அவருக்கும் எங்களைவிட மூன்று நான்கு வயதுதான் அதிகம். ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து, அங்கே சொன்னதை எழுத்துப் பிசகாமல் எங்களிடம் நடத்திக்கொண்டிருந்தார். எதிர்க் கேள்வி கேட்டால் தன் குறிப்பேட்டைப் புரட்டப் போய்விடுவார்.

வட்டம் வரைய ஒரு பச்சை பிளாஸ்டிக் அச்சுத்தகடு கொடுத்திருந்தார்கள். அதில் வட்டம் சிறியது, பெயர் எழுத இடம் போதாது. எனவே நானும் கூட வேலை பார்த்த மெகருன்னிசாவும் எங்கள் வளையலைக் கழற்றி வைத்து வரைந்தோம். அவள் கை மெலிந்தது, அதனால் அவள் வட்டங்கள் என்னுடையதைவிடச் சின்னவை. பையில் இருந்து எந்தத் தாளை உருவினாலும் யாருடையது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். தனபால் மட்டும் டீ கிளாஸைக் கவிழ்த்து வரைவான். அவன் படங்களில் மை வட்டத்தோடு டீ வட்டமும் இருக்கும்.

மெகரு பூந்தமல்லிக்காரி. அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா கடைத்தெருவில் மெத்தை, தலையணை தைத்து விற்றார். தனபால் மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். நிரல் எழுதும் ஆட்கள் நாங்கள் மூவரும்தான்.

படம் முடிந்ததும் வாசிப்பு நடக்கும். ‘வாக்த்ரூ’ என்று சார் சொல்வார், நாங்கள் வாசிப்பு என்போம். சுவரில் தாளை ஒட்டிவிட்டு எல்லோரும் எதிரே உட்கார வேண்டும். வரைந்தவர் வாசிக்கக் கூடாது, வேறொருவர் எழுந்து நின்று அம்பு அம்பாக உரக்கப் படிப்பார். அந்த நேரம் முழுக்க வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது. தலையாட்டக் கூடாது. கண்ணால்கூடச் சொல்லக் கூடாது. அங்கேதான் அந்த வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன்!

வரைந்தவர் விளக்கினால்தான் புரியும் என்றால் படத்தில் தப்பு. அவ்வளவுதான் விதி. எனக்கு அந்த விதி நரகமாக இருந்தது. நான் சின்ன வயதிலிருந்தே யாரும் கேட்பதற்கு முன்னால் காரணம் சொல்லுகிறவள். தேர்வுத் தாளில் விடைக்குக் கீழே, “இப்படி எழுதியது ஏனென்றால்” என்று குறிப்பு எழுதிவிட்டு வருவேன்.

ஒரு தொழிற்சாலைக்கு ஆட்கள் வருகையைப் பதியும் நிரல். நான் முழுப் பொறுப்பில் வரைந்த முதல் படம். மெகரு எழுந்து வாசித்தாள். அவள் வாசிப்பு தனி. ஏற்ற இறக்கமே இருக்காது, ரயில்வே அறிவிப்பு மாதிரி. தாளில் இருப்பதைத் தவிர ஒரு சொல் கூட்ட மாட்டாள்.

“ஆளு அட்டையக் கொடுக்கறாரு. வந்த நேரத்தைப் பதிகிற வட்டத்துக்குள்ள நேரம் போவுது. அன்னிக்குத் தேதியோட கோப்புல உக்காருது. இவருக்கு நைட் ஷிஃப்ட். ராத்திரி தாண்டித் தேதி மாறிடுது. காலைல வெளிய போறாரு. போன நேரத்துக்கு ஜோடியா அதே தேதியில வந்த நேரத்தைத் தேடறோம்.” நிறுத்தினாள். “இல்ல.”

நான் எழுந்துவிட்டேன். “இல்ல மெகரு, அதுக்கு நான் என்ன நெனச்சேன்னா…”

“உக்காரு” என்றார் சார்.

“இன்னாக்கா இது?” என்று தனபால் ஆரம்பித்தான். “நேத்து உள்ள வந்தவன் வெளிய போவவே இல்ல. இன்னிக்கு உள்ள வராதவன் வெளிய பூட்டான். ஆவியா சுத்திகினு கீறானா? எங்க நைனாவே நைட் ஷிஃப்ட்டுதான். அது தெரிஞ்சா ஊட்ல சோறு போடமாட்டாங்கோ, செத்துட்டாருன்னு பால் ஊத்திடுவாங்கோ!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். என் மனதில் அந்த இரவு ஷிஃப்ட் ஆள் சரியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தான். தாளில்தான் போகவில்லை. மெகரு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏண்டி அழுவுறே? படத்தச் சொன்னேன், உன்னையா சொன்னேன்?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல. ஒண்ணுன்னு நெனச்சா நீ படத்தத் திருத்தமாட்டே, அழுதுகிட்டேதான் இருப்பே.”

அவள் படம் வாசிக்கப்படும் நாளில் அவளுக்கும் பேச வாய் துறுதுறுக்கத்தான் செய்யும். அதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தாள். கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வாள். பேச வாயெடுத்தால் காரம் நாக்கில் ஏறும். எனக்கும் ஒன்று கொடுத்தாள். நான் அதைக் கடித்துத் தின்றுவிட்டு விளக்கம் சொல்லப் போய்விட்டேன்.

திருத்திய அந்த நிரல் நாங்கள் அறிந்தவரை தொல்லை கொடுக்கவில்லை. தனபால் அந்தத் தொழிற்சாலைக்குப் போவது அவர்கள் கேன்டீன் போண்டாவுக்காக மட்டும்தான் என்று ஆனது. ஒரு தப்பைத் தாளில் பிடித்தால் ரப்பர் எடுத்து அழித்துவிடலாம். ஓடும் நிரலில் பிடித்தால் அதற்குள் யாரோ ஒருவர் வாட்ச்மேனிடம் நின்று “நான் நேத்து வந்தேன் சார்” என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். அந்த முறையின் பயன் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

பிறகு வண்ணத் திரைகள் வந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் நேராகக் கணினியில் உட்கார்ந்து தட்டினார்கள். “எதுக்கு மேடம் படம்? ஓட்டிப் பாப்போம். நின்னா சரி பண்ணிக்கலாம்.” அவர்கள் கெட்டிக்காரர்கள், எங்களைவிட வேகம். அவர்கள் சொன்னது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வாசிப்பு வாரம் ஒருமுறை ஆனது, மாதம் ஒருமுறை ஆனது, பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை. மெகரு கல்யாணமாகிப் பாரிவாக்கம் போனாள், அங்கிருந்தும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். நான் கர்ப்பமானேன். படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் வேலையை விட்டேன்.

சௌமியா பிறந்து மூன்றாம் மாதம். பெயர் வைக்கும் நாளுக்கு மெகருவைக் கூப்பிட வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார். பிறகு சொன்னார். எனக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது மெகருவுக்குக் காய்ச்சல் வந்து, மூளைக்கு ஏறி, ஒரு வாரத்துக்குள் போய்விட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சாவுச் சேதி சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த நாட்களில் நான் மெகருவிடம் காட்டலாம் என்று குழந்தைக்குப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பூந்தமல்லிக்குப் போனேன். அவள் அத்தா மெத்தைக்குப் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தார். “ஒன்னக் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா. நீ மாசமா இருக்கே, வர வேணாம்னு நாங்கதான் ஒங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்புனோம்” என்றார். அவர் தலைமுடியெல்லாம் பஞ்சு.

அன்று மண்ணூர்பேட்டையில் வேறு பேருந்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, வளையலைக் கழற்றி வைத்து, சௌமியாவின் ஒரு நாளை வரைந்தேன். அவள் தருவது என்னென்ன: அழுகை, கையைப் பிடித்து இழுத்தல், கதவருகே போய் நிற்றல், பானையைக் காட்டுதல். அவளுக்குக் கிடைப்பது என்னென்ன: தண்ணீர், பிஸ்கட், பொம்மை, வெளியே போவது. நடுவில் என்ன நடக்கிறது? எல்லா அம்புகளும் ஒரே வட்டத்துக்குள் போய், அதே வட்டத்திலிருந்து வெளியே வந்தன. அந்த வட்டத்துக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன். ‘பார்த்துக்கொள்’ என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. செயலின் பெயருக்குப் பதில் ‘அம்மா’ என்று எழுதினேன்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். “என்ன, ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டாந்துட்டியா?”

“எந்த ஆபீஸ்?” என்றேன். அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நான்கூட நாலு வயசுலதான் பேசுனேனாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் பயம்தான்.

மறுநாள் பக்கத்து குவார்ட்டர்ஸ் மீனாட்சி அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். விஷயத்தைச் சொல்லிவிட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கையை மடியில் கோத்துக்கொண்டேன். கிராம்பு ஒன்று வேண்டும் போல இருந்தது. எடுத்துவரத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் சௌமியா விளையாடினாள். பிறகு அக்காவின் முந்தானையைப் பிடித்துத் தண்ணீர்ப் பானையிடம் இழுத்தாள். எனக்குள் எல்லாம் எழுந்து நின்றது. தண்ணீர்! வீட்டில் தினமும் இப்படித்தான் இழுப்பாள், நானும் மொண்டு கொடுப்பேன்.

“என்னட்டி வேணும்? தண்ணியா? இந்தா குடி.”

சௌமியா தம்ளரைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் தரையில் கொட்டியது. மறுபடி பானையைக் காட்டி அழுதாள்.

“தண்ணி வேண்டாங்கா. பின்ன என்னத்துக்கு இழுக்கா?” அக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். “சரி, ஒங்கம்ம வாயத் தொறக்க மாட்டா. நாமளே பாப்போம். தம்ளரா? இல்ல. கரண்டியா? அதுவும் இல்ல. பானைக்கு மேல என்ன இருக்கு… இதா?”

பானை மேல் கவிழ்த்திருந்த பித்தளைத் தட்டை எடுத்துக் கொடுத்தார். சௌமியாவின் அழுகை சட்டென்று நின்றது. தட்டை இரண்டு கையாலும் வாங்கி, தரையில் நிறுத்தி, சுழற்றிவிட்டாள். அது சுற்றிச் சுற்றி, தாழ்ந்து, கிணுகிணுவென்று அடங்கும்வரை காதைத் தரையோடு வைத்துக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

“ஏட்டி, ஒம் புள்ள தண்ணி கேக்கல, தட்டையில்லா கேட்டிருக்கா!” அக்கா கை தட்டிச் சிரித்தார்.

எங்கள் வீட்டுப் பானை மேலும் அப்படி ஒரு தட்டு உண்டு. எத்தனையோ மாதமாக நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருநாளும் தட்டிவிட்டதில்லை. நான் கொடுத்தேன் என்பதற்காக ஒவ்வொரு முறையும் குடித்தாள். குடித்துவிட்டுப் பானையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாள். அந்தப் பார்வையையும் நான் “போதும்” என்று படித்துவைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் காலண்டர் தாளைப் பார்க்கவே கூசியது. அதில் உள்ள எந்த அம்பு சரி? கதவருகே நிற்பது வெளியே போகத்தானா? மெகரு இருந்தால் எழுந்து நின்று, கூட்டாமல் குறைக்காமல், இருப்பதை மட்டும் படிப்பாள். “குழந்தை இழுக்குது. பானையக் காட்டுது. தண்ணின்னு இங்க எங்கடி எழுதியிருக்கு?” என்று கேட்பாள். அப்படிக் கேட்க இன்று எனக்கு ஆள் இல்லை. லேத் பட்டறை இருந்த இடத்தில் இப்போது இரும்புக் கதவு போட்ட கிடங்கு. மாடியே இல்லை. தனபால் வளைகுடாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எங்கள் படங்களை என்ன செய்தார்கள் என்று யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து, ஒருவர் மனதில் இருப்பதை அவர் உதவி இல்லாமலே படித்துப் பார்க்கப் பொறுமையோடு இருந்தார்கள் என்பதை நான் சொன்னால் என் கணவருக்கே விளையாட்டாகத் தோன்றுகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் கோமதி மிஸ் சொன்னதே சரி என்று நானும் முடிவு கட்டியிருப்பேன். இந்த வாரம் முழுக்க வீட்டிலும் பேசாமல் இருந்து பார்த்தேன். அவள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்காமல், எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. முதல் இரண்டு நாள் அழுதாள். ஒருமுறை “ம்” என்று ஒரு சத்தம் வந்தது, வந்ததா, நான் கற்பனை செய்துகொண்டேனா, தெரியாது. நேற்று மாலை அலமாரிக்குக் கீழே நின்று கையை மேலே நீட்டினாள். நான் பேசவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. கையை இறக்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காதவள் போல ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

தாளுக்கு வலிக்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுவரில் ஒட்டிவைத்துக் காத்திருக்கலாம். இவள் கேட்பதையே விட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?

பேச்சு தாமதமான பிள்ளையை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பொறுத்திருங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள், அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உங்கள் குழந்தையும் இப்படி ஒரு நாள் கையை இறக்கிக்கொண்டதா? அப்போது நீங்கள் பேசாமல் இருந்தீர்களா, எழுந்து போய் எடுத்துக் கொடுத்தீர்களா?